பாதுகாப்பான மாடிப்படி

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் பழைய இரண்டு மாடி வரிசை வீடுகளைப் புதுப்பிக்கும்போது, பலர் சிமெண்டுத் தரையின்மேல் லேமினேட் தளம் அமைக்கின்றனர். மரம் போன்ற தோற்றமும் எளிதில் பொருத்தும் வசதியும் இதற்குக் காரணங்களாகும். எனினும், தளத்தோடு மாடிப்படியின் கைப்பிடியையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். இல்லையெனில், அழகுக்காகச் செய்த மாற்றமே முதியோரும் சிறுவரும் தடுக்கி விழக் காரணமாகிவிடும்.

லேமினேட் பலகை, மர இழைகளை அழுத்தித் தயாரிக்கப்படுகிறது. அதன்மேல் மர வரிகள் அச்சிட்ட தாளும் தேய்மானத்தைத் தாங்கும் மெல்லிய படலமும் உள்ளன. பலகைகள் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. பொதுவாகத் தரையில் ஒட்டப்படுவதில்லை. எனவே, இதனை ‘மிதக்கும் தளம்’ என்பர். நம் நாட்டின் ஈரப்பதத்தில் மர இழைகள் விரியும். அதற்காகச் சுவரோரத்தில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இடைவெளி விடப்படுகிறது.

கைப்பிடித் தூணை இத்தளத்தின்மேல் திருகாணியால் முடுக்கக் கூடாது. அவ்வாறு செய்தால், தளம் விரிய வழியின்றிப் புடைத்துக்கொள்ளும். தூணும் உறுதியாக நிற்காது. ஒருவர் கைப்பிடியின் மேல்பகுதியில் சாயும்போது, நெம்புகோலைப் போல அவ்விசை தூணின் அடிப்பகுதியில் பன்மடங்காகிறது. ஆகவே, தளத்தில் தூணைவிடச் சற்றுப் பெரிய துளையிட்டு, தூணைக் கீழுள்ள கான்கிரீட்டில் பொருத்த வேண்டும். சுற்றியுள்ள இடைவெளியை மூடி வளையத்தால் மறைக்கலாம்.

படிகளின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். கீழ்த்தளம் மட்டும் 10 மில்லிமீட்டர் உயர்ந்தால், முதற்படியின் உயரம் அந்த அளவு குறையும். மாடித்தளம் மட்டும் உயர்ந்தால், கடைசிப் படியின் உயரம் கூடும். ஒரே உயரத்திற்குப் பழகிய கால், அங்கேதான் தடுமாறும். படிகளின்மீதும் அதே தடிப்பில் பலகை பதித்தால் இவ்வேறுபாடு நீங்கும். படிகளில் பதிக்கும் பலகை மிதக்கக் கூடாது. அதனை நன்கு ஒட்டி, விளிம்பில் வழுக்காத பட்டையைப் பொருத்த வேண்டும்.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச் சட்டங்களின்படி, படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கால் வைக்கும் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. படி விளிம்பிலிருந்து கைப்பிடி 825 முதல் 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருத்தல் வேண்டும். 825 மில்லிமீட்டரில் இருந்த பழைய கைப்பிடி, படிகள் 10 மில்லிமீட்டர் உயர்ந்ததும் 815 ஆகிவிடும். ஆகையால், தளம் அமைத்த பின்னரே கைப்பிடியின் உயரத்தை அளந்து முடிவு செய்ய வேண்டும். கம்பிகளுக்கு இடையே குழந்தையின் தலை நுழையாதிருக்க, இடைவெளி 100 மில்லிமீட்டருக்கு மிகாதிருப்பது நல்லது.

வேலையைத் தொடங்குமுன் குத்தகையாளரிடம், “தூண் எதில் பொருத்தப்படும்? எல்லாப் படிகளும் ஒரே உயரத்தில் இருக்குமா?” என்று கேளுங்கள். இவ்விரு கேள்விகளும் உங்கள் பாட்டியை ஒரு விழுகையிலிருந்து காப்பாற்றக்கூடும்.