இளையோரும் மர்ம நாவல்களும்

மர்மமும் அமானுடமும் கலந்த நாவல்களில் மாணாக்கர் மூழ்கியிருப்பதைக் கண்டு ஆசிரியர் முகஞ்சுளிப்பது வழக்கம். யானும் ஒருகால் அத்தகைய நூலொன்றை மாணவனொருவனிடமிருந்து பறித்து வைத்தேன். அது முறையன்று என்பதை ஜேன் ஒஸ்ரின் எழுதிய 'நோதாங்கர் அபி' எனக்கு உணர்த்திற்று.

ஆசிரியை மறைந்தபின், 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது அந்நாவல். அதன் தலைவி கதரின் 17 வயதினள். ஆன் றட்கிளிவ் 1794இல் வெளியிட்ட 'உடோல்போ மர்மங்கள்' என்னும் நாவலிலே தோய்ந்தவள். அந்நூலிற் கருந்திரைக்குப் பின்னே மறைந்திருப்பது யாதோவென அஞ்சியஞ்சி இன்புறுகின்றாள். பின்னர், பழைய துறவிமடமொன்று மாளிகையாய நோதாங்கரில் விருந்தினளாய்த் தங்குகின்றாள். இரவில் அலுமாரியொன்றினுட் காகிதச் சுருளொன்றைக் கண்டு, விளக்கும் அணைந்துவிட நடுங்குகின்றாள். விடிந்தபின் நோக்கினால் அவை சலவைக் கணக்குகள்! மாளிகைத் தலைவர் தம் மனைவியைக் கொன்றவரோ எனவும் ஐயுறுகின்றாள். அவர் மகன் கண்டிக்க நாணுகின்றாள்.

நாவல் படித்தமையாற் கெட்டாள் என முடிவு கட்டலாமோ? ஆகாது. அவளைத் திருத்திய இளைஞனும் றட்கிளிவின் நூல்களை விரும்பிக் கற்றவனே. மேலும், அவள் செல்வமிலாதவள் என அறிந்ததும் துணையின்றி அவளை வீட்டினின்றும் அகற்றிய அத்தலைவர், கொலைஞரல்லரேனும் கொடியவரே. குற்றம் இன்னதென்பதிற் பிழைத்தாள். குணத்தை உணர்ந்ததிற் பிழைத்தாளல்லள்.

அச்சத்தைத் தீங்கின்றி நுகரவும், ஐயத்தைச் சான்றோடு ஒப்பிட்டு ஆராயவும் இந்நூல்கள் பழக்குவன. ஒப்பிடக் கற்பித்தலே நம் கடன். பறித்த நூலை மீள அளித்து, "யாரை ஐயுற்றாய், எதனால்?" என மாணவனை வினவினேன். அன்றைய பாடவேளை முழுதும் அவனே பேசினான்.