கம்பியில் குத்திய கடிதங்கள்

பழைய வீடுகளில் நடையை ஒட்டிய தூணில் ஒரு வளைந்த கம்பி தொங்கும். அடியில் வட்டமாக ஒரு மரக்கட்டை, மேலே கொக்கி. வந்த கடிதத்தைப் படித்து முடித்ததும் நடுவில் ஒரு குத்து. கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், அடகுக்கடைச் சீட்டு, பம்பாயிலிருந்து மாமா போட்ட கார்டு, பட்டாளத்திலிருந்து மகன் எழுதிய இன்லேண்ட் லெட்டர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். கம்பி நிறைந்தால் மொத்தமாக உருவிப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். சேலம் பக்கத்து ஆட்டையாம்பட்டி கைமுறுக்குக்குப் பேர்போன ஊர். பிளாஸ்டிக் பை வருவதற்கு முன்னால் பலகாரமெல்லாம் காகிதப் பொட்டலத்தில்தான் போனது. எந்த எல்லைப்புறத்துக் கடிதம் எந்தப் பொட்டலமாயிற்றோ, யார் கண்டது!

போர்க்காலக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் காப்பது என்றதும் எழும்பூர், டெல்லி, லண்டன் என்று பெரிய காப்பகக் கட்டடங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. சேலத்துக்குத் தெற்கே ஒரு தறிக்காரர் வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் தன் அம்மாவுக்கு எழுதியதை அங்கே தேடினால் கிடைக்காது. இருந்தால் அந்த வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். இதற்குப் பின்னால் கொஞ்சம் வேடிக்கையான ஒரு வரலாறு இருக்கிறது.

முதல் உலகப்போரில் இந்தியச் சிப்பாய்கள் பிரான்ஸில் போய் இறங்கியது 1914 செப்டம்பர் கடைசியில். சில வாரங்களிலேயே அவர்கள் ஊருக்கு எழுதும் கடிதங்களைப் பார்த்து அரசுக்குப் பயம் வந்துவிட்டது. போர்முனையின் உண்மை நிலவரம் கிராமங்களுக்குத் தெரிந்தால் அடுத்து ஆள் சேருமா? பூலோன் துறைமுகத்தில் ஒரு தணிக்கை அலுவலகம் திறந்தார்கள். ஈவ்லின் ஹோவெல் என்ற அதிகாரி பொறுப்பேற்றார். 1915 வாக்கில் இந்திய வீரர்கள் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அத்தனையையும் படிக்க ஆள் ஏது? பொறுக்கி எடுத்துப் படித்து, முக்கியமென்று தோன்றிய வரிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வாரா வாரம் அறிக்கையாக மேலே அனுப்பினார்கள். சிப்பாய்களும் சளைத்தவர்கள் அல்லர். தணிக்கைக்காரர் கண்ணில் மண்ணைத் தூவ, இந்தியப் படையினரைக் கறுமிளகு என்றும் வெள்ளைக்காரப் படையினரைச் சிவப்பு மிளகாய் என்றும் எழுதினார்கள். எது தீர்ந்துபோயிற்று, எது இன்னும் மிச்சமிருக்கிறது என்று சமையலறைக் கணக்குப்போலச் சாவுக் கணக்கை ஊருக்குச் சொன்னார்கள்.

அந்த அறிக்கைகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் பத்திரமாக இருக்கின்றன. வரலாற்றாசிரியர் டேவிட் ஒமிசி அவற்றிலிருந்து தொகுத்த நூல் 1999-இல் வந்தது. மூலக் கடிதங்களோ அநேகமாக எல்லாமே போய்விட்டன. ஊர் வந்து சேர்ந்தவற்றை வாங்கிய குடும்பங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு படித்தன, பிறகு தொலைத்துவிட்டன. சந்தேகத்தோடு பிரித்துப் படித்த அரசாங்கம்தான் துணுக்குகளையாவது வைத்திருந்தது.

அந்தத் துணுக்குகளிலும் தமிழ்க் குரல் மிக அரிது. பிரான்ஸுக்குப் போன காலாட்படையில் பஞ்சாபியர், பட்டாணியர், கடுவாலியர், கூர்க்காக்களே அதிகம். தமிழர்களைப் ‘போர்க்குடி’ அல்லாதவர்கள் என்று ஆங்கிலேயர் முத்திரை குத்தியிருந்த காலம் அது. மெட்ராஸ் சாப்பர்ஸ் போன்ற படைப்பிரிவுகள் மெசபடோமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போயின. பூலோன் அலுவலகத்தின் கண்ணுக்குப் பெரும்பாலும் அவை எட்டவில்லை. கண்காணிப்பிலிருந்து தப்பிய கடிதங்கள் காப்பகத்திலிருந்தும் தப்பிவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊருக்கு மிஞ்சியது கல்தான். போர் முடிந்ததும் தமிழகத்தின் பல கிராமங்களில் சிறு கல்வெட்டுப் பலகைகளை அரசு பதித்தது. பள்ளிக்கூடச் சுவரிலோ பழைய பொதுக் கட்டடத்திலோ இன்றும் சிலவற்றைக் காணலாம். 1914-1919 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். ஒரு பெயர்கூட இருக்காது. இறந்தவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம். சில பதிவுகளில் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம்கூட உண்டு. உயிரோடு திரும்பி வந்து மறுபடி தறியில் உட்கார்ந்தவருக்கோ ஏர் பிடித்தவருக்கோ அந்தப் பட்டியலில் இடமில்லை. அவரைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் அவர் எழுதிய காகிதம் ஒன்றுதான் வழி.

இரண்டாம் உலகப்போரில் நிலைமை மாறியது. இந்தியப் படையின் எண்ணிக்கை 25 லட்சத்தைத் தொட்டது. 1928-இல் கலைக்கப்பட்ட மெட்ராஸ் ரெஜிமென்டை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். தமிழ்க் கடிதங்கள் பர்மா, வட ஆப்பிரிக்கா, இத்தாலி என்று பல திசைகளிலிருந்து வந்திருக்கும். சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் அந்தப் போரை வைத்தே ஒரு படம் எடுத்தது. டி. ஆர். சுந்தரம் இயக்கிய ‘பர்மா ராணி’, 1945. பர்மா முனை சினிமாவாகச் சேலத்தில் பதிவாகிவிட்டது. பர்மா முனையிலிருந்து சேலத்துக்கு வந்த தபால் எங்கே?

போனதற்குப் பழைய பேப்பர் கடையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சாவுச் செய்தி தாங்கி வந்த கடிதத்தைப் படித்ததும் கிழித்து எறிவது நம் வழக்கம். கருமாதிப் பத்திரிகையைக்கூட வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். ஒரு பட்டாளத்துக்காரரின் கடிதக் கட்டில் எது மிக முக்கியமோ அதுதான் முதலில் கிழிபடும். அடுத்து போகி. தை பிறக்கும் முன்னால் பரணைக் காலி செய்கிற நாளில், படிக்க ஆளில்லாத பழைய கட்டுக்குத் தீயைத் தவிர வேறு கதி இல்லை. எழுத்தறியாத வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடிதத்தைப் படித்துச் சொன்னவர் தபால்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோதான். ஒருமுறை கேட்டதோடு சேதி மனசில் ஏறிவிடும். அதற்கப்புறம் அது வெறும் காகிதம்.

நாட்குறிப்பின் கதை வேறு. தமிழில் போர்க்கால நாட்குறிப்பு என்றால் முதலில் சொல்ல வேண்டியவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இல் எழுதத் தொடங்கியவர், பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததையும் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதையும் சந்தை விலை, மழை, வீட்டு விசேஷம் ஆகியவற்றோடு கலந்து எழுதிவைத்தார். 1761 ஜனவரியில், நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்னால் இறந்தார். அந்தக் கட்டுகள் பல பத்தாண்டுகள் வீட்டில் கிடந்தன. 1846-இல் கல்லுவா மோம்பிரான் என்ற பிரெஞ்சு அலுவலர் கண்டெடுத்தார். படி எடுத்தார்கள். ஒரு படி பாரிஸ் தேசிய நூலகம் போய்ச் சேர்ந்தது. சென்னை அரசு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளியிட்டது. குடும்பம் தூக்கிப் போடாமல் இருந்தது, யாரோ ஒருவர் படி எடுத்தது, படி வேறு ஊரில் இருந்தது. இந்த மூன்றும் கூடியதால்தான் இன்று நம் கையில் இருக்கிறது.

படி வேறு ஊரில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் இருக்கிறது. 1981 ஜூன் முதல் தேதி இரவில் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத் திட்டம் அந்தச் சாம்பலின் மேல்தான் நிற்கிறது. கிடைத்த காகிதத்தையெல்லாம் வருடி (ஸ்கேன் செய்து) இணையத்தில் ஏற்றுகிறார்கள். அதில் பள்ளி மலரும் உண்டு, துண்டுப் பிரசுரமும் உண்டு.

“எங்கள் ஊர் சின்ன ஊர், இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று கேட்பவர்களுக்கு இத்தாலியில் ஓர் உதாரணம். டஸ்கனியில் பியேவே சாந்தோ ஸ்தெஃபானோ என்று ஓர் ஊர், மூவாயிரம் பேர் வசிக்கும் இடம். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை கண்ணிவெடி வைத்து ஊரையே தகர்த்தது. 1984-இல் சவேரியோ துத்தீனோ என்ற பத்திரிகையாளர் அங்கே சாமானியர்களின் நாட்குறிப்பு, கடிதம், தன்வரலாறு ஆகியவற்றுக்கான காப்பகம் தொடங்கினார். இன்று அங்கே ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்றது காகிதமே இல்லை. கணவனை இழந்த க்ளேலியா மார்க்கி என்ற விவசாயப் பெண்மணி தன் வாழ்க்கையை ஒரு படுக்கை விரிப்பில் வரிவரியாக எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். துணி நெய்யும் நம் பக்கத்துக்கு அந்த விரிப்பை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கட்டடம்கூட உடனே வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2008-இலும், அதைப் பின்பற்றி ஐரோப்பாவின் ‘யூரோப்பியானா’ திட்டம் 2011 முதலும் செய்தது எளிய காரியம். ஒரு நாள் குறித்து அறிவிப்பார்கள். மக்கள் வீட்டிலிருக்கும் போர்க்காலக் கடிதம், படம், பதக்கம் எதுவானாலும் எடுத்து வருவார்கள். அங்கேயே வருடி, கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு, பொருளைக் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள். எங்கே நம் சாமானைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் இருக்காது. ஆட்டையாம்பட்டியில் ஒரு பள்ளி வராந்தாவும் ஞாயிற்றுக்கிழமையும் போதும். ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று இன்னமும் பெயர் நிற்கிற வீடுகளிலிருந்து தொடங்கலாம்.

பரணிலிருந்து கட்டு இறங்கியதும் செய்ய வேண்டியது என்ன? முதலில் உறையைத் தூக்கி எறியாதீர்கள். நம்மவர்கள் கடிதத்தில் மேலே பிள்ளையார் சுழி போடுவார்கள், தேதி போட மறந்துவிடுவார்கள். தேதி தபால் முத்திரையில்தான் இருக்கும். பட்டாளத்து முகவரியில் ஊர் இருக்காது, வேண்டுமென்றே மறைத்திருப்பார்கள். ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ என்று வந்தால் லடாக்காகவும் இருக்கலாம், ராஜஸ்தானாகவும் இருக்கலாம். ஆனால் முத்திரையில் களத் தபால் நிலையத்தின் எண் இருக்கும். எந்த எண் எந்தக் காலத்தில் எங்கே இருந்தது என்று தபால்தலை சேகரிப்பாளர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். 1950-இல் வந்த இன்லேண்ட் லெட்டரில் உறையும் கடிதமும் ஒரே தாள் என்பதால் இந்தக் கவலை குறைவு. மடிப்பில் கிழிவதுதான் அதன் வியாதி.

கிழிந்ததை செலோ டேப் போட்டு ஒட்டவே கூடாது. சில வருடங்களில் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், எடுக்க முடியாது. லேமினேஷன் அதைவிட மோசம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கிலிருந்து காகிதத்துக்கு விடுதலையே கிடையாது. குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தால் மெல்லக் கழற்றுங்கள், துரு பரவும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். அந்தக் காலத்தில் நனைந்தால் ஊதாவாக ஊறும் ஒருவகைப் பென்சிலில் எழுதியவர்கள் உண்டு. சொட்டுத் தண்ணீர் பட்டாலே வரி கலங்கிவிடும். இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் சுவடி காத்தவர்கள் கண்ட மருந்து வசம்பு, நொச்சி, வேப்பிலை. துணியில் முடிந்து பெட்டி ஓரத்தில் வையுங்கள், காகிதத்தின் மேல் தூவாதீர்கள்.

படம் எடுக்கக் கையிலிருக்கும் போனே போதும். ஜன்னலோரம், காலை வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், உறை என்று எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஒன்று சொல்ல மறந்தேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பொடி எழுத்து போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஒரு பிரதி வெளியூரில் இருக்கும் மகள் வீட்டில் இருக்கட்டும். ஊரளவில் கட்டு பெரிதாகச் சேர்ந்தால், சென்னையில் 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழுதான காகிதத்தை எப்படிக் கையாள்வது என்று கேட்கலாம்.

இணையத்தில் போடுவது தனி விஷயம், இங்கேதான் நிதானம் வேண்டும். காகிதம் உங்களுடையது. அதிலுள்ள வாசகத்தின் உரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் வாரிசுகளுக்கும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பொதுவான கணக்கு எழுதியவர் காலமாகி 60 ஆண்டு; அவர் இருந்தவரை வெளியாகாத எழுத்துக்கோ அது முதன்முதலில் வெளியானதிலிருந்து 60 ஆண்டு. சட்டம் கிடக்கட்டும். பட்டாளத்துக் கடிதத்தில் குண்டும் பீரங்கியும் ஓரிரு வரிதான் இருக்கும். மிச்சமெல்லாம் மணியார்டர் வந்ததா, பங்காளி வரப்பை வெட்டினானா, தங்கைக்கு எவ்வளவு நகை கேட்கிறார்கள், அண்ணி அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்பதுதான். ஆய்வாளருக்கு அதுதான் பொக்கிஷம். அடுத்த தெருவில் உயிரோடு இருக்கும் அண்ணிக்கு அது அவமானம். படம் எடுத்துப் பாதுகாப்பதை இன்றே செய்யலாம், வெளியிடுவதைக் குடும்பம் கூடிப் பேசி முடிவு செய்யலாம். இருபது வருடம் கழித்துத் திறக்கலாம் என்று எழுதிவைத்தாலும் தவறில்லை.

இவ்வளவும் செய்தாலும் கையில் வருவது பாதிதான். பட்டாளத்திலிருந்து ஊருக்கு வந்த கடிதம் பெட்டியில் கிடைக்கலாம். ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனது கிடைக்காது. மாறிக்கொண்டே இருக்கும் முகாமில், முதுகுப் பையில், மழையில், எத்தனை நாள் ஒரு சிப்பாய் அதைச் சுமந்திருக்க முடியும்? அதனால் கடிதத்தைப் படமெடுக்கும் அன்றைக்கே, அந்த வீட்டில் வயதானவர் இருந்தால் போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கேளுங்கள். “ஆயா, இதுக்கு நீங்க என்ன பதில் போட்டீங்க?”

தான் எழுதவில்லை, வாத்தியார்தான் எழுதினார் என்று அந்த ஆயா சொல்லக்கூடும். அப்படியானால் அடுத்த கேள்வி, வாத்தியாரிடம் சொல்லக் கூச்சப்பட்டு எழுதாமல் விட்டது என்ன என்பது. அதற்கு வரும் பதிலையும், பதில் வராவிட்டால் அந்த மௌனத்தையும், தேதி போட்டு அந்தக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள்.