பழைய வாகனம்: வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு வீடும் வயலும் ஒரே இடத்தில் அமைவது அரிது. வயல் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் இருக்கும்; குடியிருப்போ மன்னார்த் தீவில் உறவினர் காணியில் இருக்கும். முசலியில் காணி துப்புரவாக்கிய சிலரின் குடும்பங்கள் இன்னும் புத்தளத்திலேயே இருக்கின்றன. விதைநெல்லும் பசளையும் போகவேண்டும். நெல்லும் மரக்கறியும் வரவேண்டும். நடுச்சாமத்தில் நோயாளியை மன்னார் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். இவற்றுக்கெல்லாம் வாடகை கொடுத்துக் களைத்தவர்கள், "மலிவாக ஒரு பழைய காரோ வானோ வாங்கினால் என்ன?" என்று எம்மிடம் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. வாங்கலாம் என்பதே எமது பதில். ஆனால் கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகவே கொடுத்துவிடும் குடும்பம் வாங்கக்கூடாது. ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாமல் நிற்கும் கதைதான் அது. பழைய வாகனத்துக்கு இரண்டு தடவை விலை கொடுக்கவேண்டும்: முதலில் விற்பவருக்கு, பின்னர் திருத்துபவருக்கு. இரண்டாவது விலையை எந்த ஒழுங்கில் கொடுப்பது என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம்.

புதியது ஏன் எட்டவில்லை?

2009 இல் போர் முடிந்தது. 2010 மார்ச்சில் மன்னாரின் புதிய பாலம் திறக்கப்பட்டது. திறந்த வீதிகளின் வழியே லீசிங் நிறுவனங்களும் வந்தன. சிறிய முற்பணத்துடன் முச்சக்கரவண்டியும் உழவு இயந்திரமும் கிடைத்தன. மழை பொய்த்த போகத்திலும் தவணை வந்தது; வெள்ளம் வந்த போகத்திலும் தவணை வந்தது. தவணை தவறியவர்கள் அதுவரை கட்டிய பணத்தோடு வாகனத்தையும் இழந்தார்கள். அறுவடைக்கு அறுவடை வருமானம் பெறும் குடும்பத்துக்கு மாதந்தோறும் கட்டும் கடன் பொருந்தாது என்பதைப் பலர் இவ்வாறுதான் கற்றுக்கொண்டார்கள்.

பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலையும் ஏறியது. எனவே எமது மக்களுக்கு எட்டக்கூடியது அதிகம் ஓடித் தேய்ந்த பழைய வாகனமே. அதைப் புத்தியோடு பேணுவது எப்படி என்பதற்கு எமது மண்ணிலேயே நல்ல பாடம் உண்டு.

தடைக்காலம் கற்பித்தவை

1990 இல் தொடங்கி 2002 வரை, அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த வடபகுதிக்குப் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டிருந்தன, அல்லது அளவோடுதான் வந்தன. உதிரிப்பாகங்களுக்கும் பற்றரிக்கும் அதே கதிதான். அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மாந்தைப் பக்கத்திலும் ஓடியவை ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள். அவை மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

இது எப்படி முடிந்தது? ஒஸ்ரின் ஏ-40 இன் எஞ்சின் எரிகலவையை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக மாத்திரமே அழுத்துகிறது. அழுத்தம் குறைந்த எஞ்சினில், தரம் குறைந்த எரிபொருளும் தட்டல் அதிகமின்றி எரியும். மேலும், அந்த எஞ்சின்களில் கலவை உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருப்பதால், புகையின் சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. இது புதுமையுமல்ல. பேர்குசன் நிறுவனம் 1949 முதல் செய்த டி.ஈ.டி-20 உழவு இயந்திரம், பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடும்படியே அமைக்கப்பட்டது. எமது மெக்கானிக்மார் காரிலும் அதே தத்துவத்தைக் கையாண்டார்கள்.

ஆனால் மலிவான எரிபொருளுக்கு வேறிடத்தில் விலை கொடுக்கவேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். வலு குறையும். இதை அறிந்து ஒயிலை அடிக்கடி மாற்றியவர்களின் கார்கள் ஆண்டுக்கணக்கில் ஓடின. மாற்றாதவர்களின் எஞ்சின்கள் தேய்ந்து நின்றன. ஒரே வகைக் காரையே பலர் வைத்திருந்ததும் உதவியது. ஓடாத காரின் பாகம் ஓடும் காருக்குப் பொருந்தியது. ஒருவர் கற்றது மற்றவருக்கும் பயன்பட்டது.

இன்று மண்ணெண்ணெய் வித்தையை யாரும் செய்யவேண்டாம். 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததோடு அதன் மலிவு முடிந்தது. இக்கால எஞ்சின்களின் அழுத்தமும் அதிகம், அவை பழுதாகிவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மெக்கானிக்மாரின் ஒழுங்கை: ஊரில் பலரிடம் உள்ள வகையையே வாங்கு; அதன் பலவீனத்தை அறி; சிறிய செலவைத் தள்ளிப்போடாதே.

மொறிஸ் மைனரின் சாட்சி

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர், பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார். அங்கே பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், நல்ல கட்டமைப்புள்ள பழைய காரைத் தொடர்ந்து திருத்தி வைத்திருப்பது புதிய கார்களை மாற்றி மாற்றி வாங்குவதைவிட இலாபமானது என்று 1980களில் வாதிட்டார். 1990களின் தொடக்கத்தில், இந்தக் காரின் பாகங்களைச் செய்யும் ஒரு தொழிற்சாலை அவருடைய கூட்டுறவுடன் இலங்கையிலேயே தொடங்கப்பட்டது. அங்கே செய்த பாகங்கள் இங்கிலாந்துக்கும் அனுப்பப்பட்டன. பாகம் கிடைக்கும்வரை ஒரு வாகனத்துக்கு முதுமை இல்லை என்பதற்கு இது சாட்சி.

இன்று மொறிஸ் மைனர் பிரியர்களின் கைக்குப் போய் விலையேறிவிட்டது. எமக்கு எட்டுபவை மாருதி 800, நிசான் சனி, ரொயோட்டா லைற் ஏஸ் போன்றவையே. பாடம் அவற்றுக்கும் பொருந்தும்.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

முதலாவது, பத்திரம். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வாகனத்தில் உள்ளவற்றோடு ஒத்திருக்கவேண்டும். புத்தகத்தில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் உரிமையாளராக இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமின்றி ஒரு ரூபாவும் கொடுக்கவேண்டாம். வெற்றுப் படிவத்தில் முன்னைய உரிமையாளரின் கையொப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு கைமாறும் 'ஓப்பன் பேப்பர்' வாகனங்களைத் தவிர்க்கவும். போரில் புத்தகம் தொலைந்தது என்று சொல்லப்படும் வாகனத்தையும் அவ்வாறே தவிர்க்கவும்.

இரண்டாவது, கறள். எஞ்சினை மாற்றலாம், கறள் தின்ற செசியை மாற்ற முடியாது. வாகனத்துக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கதவின் கீழ்ப்பக்கம், தளத் தகடு, பின் வில்லுகள் மாட்டியிருக்கும் இடம் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உக்கிய தகடும் புட்டி அடைத்த தகடும் மொத்தென்று ஒலிக்கும்.

மூன்றாவது, எஞ்சின். அது குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். ஒயில் மூடியின் உட்புறத்தில் பாலாடை போன்ற படிவு இருந்தால் ஒயிலுடன் தண்ணீர் கலக்கிறதா என்று சோதிக்கவேண்டும். தூர மானியை நம்பவேண்டாம். ஐந்து இலக்க மானி 99,999க்குப் பின் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். மிதிகளின் றப்பரும் சாரதி ஆசனமும் உண்மையைச் சொல்லும்.

திருத்தும் ஒழுங்கு

வாகனத்துக்கென்று உள்ள பணத்தை மூன்று பங்காக்கி, ஒரு பங்கைத் திருத்தத்துக்கு ஒதுக்குங்கள். அதைக் கீழ்வரும் ஒழுங்கில் செலவிடுங்கள்.

1. நிறுத்துவது. பிறேக் மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால், மாஸ்ரர் சிலிண்டரையும் குழாய்களையும் உடனே சோதிக்கவேண்டும். கறள் பிடித்த உருக்குக் குழாயையும் வெடித்த றப்பர்க் குழாயையும் மாற்றுங்கள். பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். இரண்டாண்டுக்கு ஒரு தடவை புதிதாக்குங்கள். உள்ளே இருக்கும் றப்பர்களைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவவேண்டாம். அவை ஊதிப்போய்ப் பிறேக் இறுகிக்கொள்ளும்.

2. திருப்புவது. முன் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பின்பு இடமும் வலமும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் மூட்டுகளோ பெயரிங்கோ தேய்ந்துள்ளன. மொறிஸ் மைனரில் முன் சில்லைத் தாங்கும் திருகு மூட்டுகளுக்குக் கிறீஸ் அடிக்காமல் விட்டால், அவை தேய்ந்து ஒருநாள் சில்லு கழன்று மடங்கும். ரயரின் பூவை மாத்திரம் பார்க்கவேண்டாம். பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உண்டு: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம் செய்யப்பட்டது என்று பொருள். பத்து வயதான ரயர், பூ நன்றாக இருந்தாலும் வெடிக்கக்கூடும்.

3. குளிரவைப்பது. பழைய எஞ்சின்கள் பலவற்றைக் கொல்வது சூடுதான். றேடியேற்றர், குழாய்கள், தண்ணீர்ப் பம்ப், பான் பெல்ற் ஆகியவற்றைச் சோதியுங்கள். எமது பகுதியின் உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றவேண்டாம். அதன் உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும், உலோகத்தையும் அரிக்கும். கடையில் விற்கும் கூலன்ற்றே நல்லது. அவசரத்துக்குச் சுத்தமான மழைநீர் உதவும். சூடான றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறக்கவேண்டாம்.

4. ஒயிலும் பெல்ற்றும். வாங்கிய வாரத்திலேயே ஒயிலையும் வடிகட்டிகளையும் மாற்றுங்கள். ரைமிங் பெல்ற் உள்ள எஞ்சினாயின், அது எப்போது மாற்றப்பட்டது என்பது உறுதியாகத் தெரியாவிட்டால் அதையும் மாற்றுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் வண்டி நடுவழியில் நிற்கும். சில எஞ்சின்களில் வால்வுகளும் உடையும்.

5. மின்சாரம். பழைய வயரில் உறை வெடித்திருந்தால் மாற்றுங்கள். பியூசுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றி வைப்பது தீ விபத்துக்கு வழி.

பூச்சும் ஆசன உறையும் பாட்டுப் பெட்டியும் இவையெல்லாம் முடிந்தபின் வரட்டும்.

கடற்காற்றும் உப்பும்

தலைமன்னார் தொடக்கம் அரிப்பு வரை எமது கரையோரத்தில் உப்பு இரவும் பகலும் வேலை செய்கிறது. கிழமைக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரால் வாகனத்தின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் மணலால் அடைபட்டால் தண்ணீர் உள்ளே தேங்கி உக்கும். குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். கறளுக்கு மேல் புட்டி பூசுவது புண்ணைத் துணியால் மூடுவது போன்றது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டவேண்டும். கழிவு ஒயிலை அடியில் பூசும் வழக்கத்தையும் கைவிடுங்கள். அது பிறேக் குழாயின் றப்பரைக் கெடுக்கும். மணற்றரையில் சிந்தும் ஒயில் குடிநீர்க் கிணற்றுக்கும் போய்ச் சேரும்.

மேம்படுத்தல்

அடிப்படை சரியான பின்னர் சில மாற்றங்கள் பயன் தரும். மாடும் யானையும் குறுக்கே வரும் இரவு வீதிகளுக்கு நல்ல முன்விளக்கு முதல் தேவை. பழைய ஆங்கிலக் கார்களில் டைனமோவை நீக்கி ஓல்ரநேற்றர் பூட்டலாம். ஆனால் அவற்றுள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றி அமைக்காமல் பூட்டினால் புதிய கருவி எரிந்துவிடும். பிளற்றினம் பொயின்ற்றுக்குப் பதிலாக மின்னணுப் பற்றவைப்புப் பூட்டினால் கிளப்புவது இலகு. வேறு எஞ்சின் மாற்றுவோர் கவனிக்கவேண்டியது ஒன்று: புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாவிட்டால் வீதிச் சோதனையிலும் காப்புறுதியிலும் சிக்கல் வரும். எஞ்சினைப் பலப்படுத்துபவர் பிறேக்கையும் அதற்கேற்பப் பலப்படுத்த வேண்டும்.

கணக்குக் கொப்பி

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்குவது நல்லதே. ஆயினும் பதிவுப் புத்தகத்தில் ஒருவர் பெயர்தான் உரிமையாளராக நிற்கப்போகிறது என்றால், யார் எவ்வளவு பணம் போட்டார்கள், யார் எந்த நாளில் பாவிப்பது, பழுதுச் செலவை எப்படிப் பங்கிடுவது என்பவற்றை முதலிலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள். உறவு கெடாதிருக்கவே எழுத்து.

பணம் கொடுக்குமுன் இன்னுமொரு வேலை உண்டு. ஒரு அப்பியாசக் கொப்பியில், மூன்று மாதத்துக்கு, வாடகை வாகனத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாவையும் திகதியோடு எழுதிவாருங்கள். எதிர்ப்பக்கத்தில் அதே ஓட்டங்களுக்கான எரிபொருளையும், காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் மூன்று மாதப் பங்கையும், திருத்தத்துக்கு ஒதுக்கும் தொகையையும் எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். வாடகைப் பக்கம் பெரிதாக இருந்தால் வாகனம் தேடத் தொடங்கலாம். சிறிதாக இருந்தால் அந்தப் பணத்தை விதைநெல்லுக்கும் வேலிக்கும் வைத்துக்கொண்டு, நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் வரக்கூடிய அயலூர்ச் சாரதி ஒருவருடன் இப்போதே பேசி ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.