பழைய வீட்டு வண்டியைப் புதுப்பித்தலும் பேணுதலும்

நிலைத்து நிற்பது வீடு, ஓடுவது வண்டி. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் ஆவல் மேனாட்டு மக்களிடையே நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. அவ்வாவலைச் சிறிய அளவில், நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் வகையில் நிறைவேற்றிய வண்டிகளுள் பெயர் பெற்றது ஜேர்மனியிலே தோன்றிய வொக்ஸ்வாகன் வீட்டு வண்டியாகும். அரை நூற்றாண்டு வயதைக் கடந்த அவ்வண்டிகளைத் தேடி வாங்கிச் சீர்செய்து ஓட்டுவோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இன்றும் பலர் உளர். அப்பணியில் எது முன்னே செய்யத்தக்கது, எது பின்னே செய்யத்தக்கது, எதை மறந்தால் உயிருக்கே ஊறு நேரும் என்பவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் இவ்வண்டியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் நன்று. 1947ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் பென் பொன் என்னும் ஒல்லாந்து வணிகர், தமது குறிப்பேட்டிலே பெட்டி போன்ற வண்டியொன்றின் உருவத்தைக் கோட்டுப்படமாக வரைந்தார். வொல்ஃப்ஸ்பேர்க் நகரத் தொழிற்சாலையினுள்ளே பொருள்களை ஏற்றி இறக்குவதற்குத் தொழிலாளர் பயன்படுத்திய எளிய வண்டியைக் கண்டதே அதற்குத் தூண்டுதலாயிற்று. இயந்திரம் பின்னே, சாரதி முன்னே, இடையில் வெறும் இடம் என்பதே அக்கோட்டுப்படத்தின் கருத்து. 1950ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வண்டி உற்பத்தியாகத் தொடங்கியது. மறு ஆண்டிலேயே வீடன்புறூக் என்னும் ஊரைச் சேர்ந்த வெஸ்ற்பாலியா நிறுவனம், அவ்வெற்றிடத்திற் பொருத்தவும் வேண்டாதபோது கழற்றவும் கூடிய தளபாடப் பெட்டியொன்றை அமைத்து விற்பனைக்கு விட்டது. வாரநாளிற் சரக்கேற்றிய வண்டி, விடுமுறை நாளிற் குடும்பம் உறங்கும் வீடாயிற்று. 1967ஆம் ஆண்டில் அகன்ற ஒற்றைக் கண்ணாடி முகத்துடன் இரண்டாந் தலைமுறை வண்டி வெளிவந்தது. ஜேர்மனியில் 1979 வரையும், பிறேசிலில் 2013 வரையும் இவ்வகை வண்டி செய்யப்பட்டது. இன்று புதுப்பிப்போர் கையிற் பெரிதும் காணப்படுவது இவ்விரண்டாந் தலைமுறை வண்டியே ஆதலால், இவ்வுரையும் அதனையே சான்றாகக் கொள்கின்றது.

ஏறத்தாழ நாலரை மீற்றர் நீளமும் ஒன்றே முக்கால் மீற்றருக்குச் சற்றே குறைந்த அகலமும் உடைய இவ்வண்டியினுள்ளே, மடித்து விரித்தாற் படுக்கையாகும் இருக்கையும், சிறிய அலுமாரியும், நீர்த்தொட்டியும், பல வண்டிகளில் வாயு அடுப்பும் அமைந்திருக்கும். கூரையின் ஒரு பகுதியை உயர்த்தினால் கன்வஸ் துணியாலான சுவருடன் நிமிர்ந்து நிற்க இடமுண்டாகும். இவ்வளவு வசதியையும் சுமந்து செல்லும் 1600 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தின் ஆற்றலோ ஏறக்குறைய 50 குதிரைவலுவே. ஆகவே இது விரைந்தோடப் பிறந்த வண்டி அன்று. நின்று நிதானித்துச் செல்லப் பிறந்தது.

பழைய வண்டியொன்றை வாங்குவோர் முதலிற் காண்பது அதன் வண்ணப் பூச்சையும் திரைச்சீலையையுமே. முதற்பிழை நேர்வதும் அங்கேயே. பளபளக்கும் பூச்சின் கீழ்க் கறள் மறைந்திருக்கலாம். மங்கிய பூச்சின் கீழே நல்ல இரும்பு இருக்கலாம். அனுபவமுள்ளோர் வண்டியின் பக்கத்திலே நில்லாது, அதன் கீழே படுத்துப் பார்ப்பர். கதவுகளின் அடியில் நீளவாட்டிற் செல்லும் விளிம்புப் பெட்டிகள், தூக்கி வைப்பதற்கான யக்குப் பொருந்தும் இடங்கள், முன் சில்லுகளின் மேலுள்ள வளைவுகள், முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், கூரையோரத்து நீரோடும் வாய்க்கால், பற்றரியைத் தாங்கும் தட்டு ஆகியவையே கறள் முதலில் இடங்கொள்ளும் இடங்கள். அடி அற்றால் நுனி விழாமலிருக்குமா என்பது பழமொழி. தனியான அடிச்சட்டத்தின்மேல் உடலை ஏற்றி வைக்காது, உடலையும் அடிப்பகுதியையும் ஒன்றாகவே ஒட்டிச் செய்த வண்டியாதலால், இதன் அடிப்பகுதி நைந்தால் வண்டி முழுவதும் வலுவிழக்கும்.

இக்கறளுக்குக் காரணமாகிய நீர், வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதை நேயர்கள் கருத்திற் கொள்ளவேண்டும். மழைநீர் யன்னல் றப்பர் வெடிப்புகளினூடே இறங்குகின்றது. அது கண்ணுக்குப் புலனாகும். ஆனால் வண்டியினுள்ளே நால்வர் இரவு முழுவதும் உறங்கும்போது அவர்தம் மூச்சிலிருந்து வெளிவரும் ஈரம், குளிர்ந்த தகரத்திற் பட்டு நீர்த்துளியாகி, அலங்காரப் பலகைகளின் பின்னே வழிந்து அடியிலே தேங்குகின்றது. சமையலின் ஆவியும் அதனுடன் சேர்கின்றது. சாதாரண மோட்டார் வண்டி வெளியிலிருந்து அழிகின்றது என்றால், வீட்டு வண்டி உள்ளிருந்தும் அழிகின்றது. ஆகையால் உட்பலகைகளை ஒருமுறையேனும் முற்றாகக் கழற்றிப் பார்த்தாலன்றி வண்டியின் உண்மை நிலை தெரியவராது.

நைந்த இரும்பை வெட்டி நீக்கிப் புதுத் தகடு ஒட்டும் வேலைக்கு ஒரு முறைமை உண்டு. பற்றரியைக் கழற்றிப் பெற்றோல் தாங்கியை அகற்றிய பின்னரே தீப்பொறி பறக்கும் எவ்வேலையும் தொடங்கத்தக்கது. விளிம்புப் பெட்டிகளை வெட்டுமுன் கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளைத் தற்காலிகமாகப் பொருத்துதல் வேண்டும். இல்லையேல் உடல் சற்றே தொய்ந்து, பின்னர்க் கதவுகள் பொருந்தாமற் போகும். ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடவேண்டும். கறளின்மேற் புதுத் தகட்டை வைத்து மூடிவிடுவது பலர் செய்யும் ஏமாற்று. கீழுள்ள கறள் மேலும் வளர்ந்து சில ஆண்டுகளிற் புதுத் தகட்டையும் தின்றுவிடும். நல்ல இரும்பு தோன்றும்வரை வெட்டுதலே முறை. வேலை முடிந்தபின், மூடிய பெட்டிகளினுள்ளே மெழுகுக் கலவையைத் தெளித்துவிட வேண்டும். வெளிப்பூச்சு இவையெல்லாவற்றிற்கும் பின்னரே வரவேண்டும்.

இனி இயந்திரத்திற்கு வருவோம். நீருக்கு அடுத்தபடியாக இவ்வண்டியை அழிப்பது வெப்பம். இவ்வியந்திரத்தைக் குளிர்விக்க நீர் இல்லை. காற்றே அதனைக் குளிர்விக்கின்றது. விசிறியொன்று வெளிக்காற்றை இழுத்து உருளைகளின்மீது செலுத்துகின்றது. இயந்திரத்தைச் சூழ்ந்துள்ள தகரங்களும் அறையின் விளிம்பிலுள்ள றப்பர்ப் பட்டியும், மேலுள்ள குளிர்காற்றையும் கீழுள்ள சூடான காற்றையும் பிரித்து வைக்கின்றன. புதுப்பிப்போர் சிலர் இத்தகரங்களை வேண்டாத பொருளென எண்ணி விட்டுவிடுவதுண்டு. அவ்வாறு விட்டால், இயந்திரம் தான் வெளியேற்றிய சூடான காற்றையே மீண்டும் இழுத்துத் தன்னைத் தானே வேகவைத்துக்கொள்ளும்.

விசிறியும் மின்னுற்பத்திப் பொறியும் ஒரே தண்டில், ஒரே பட்டியாற் சுழல்கின்றன. எனவே சாரதியின் முன்னே சிவப்பு மின்விளக்கு எரிந்தால், மின்சாரம் குறைந்ததென்று மட்டும் எண்ணிவிடலாகாது. பட்டி அறுந்திருக்கலாம், விசிறியும் நின்றிருக்கலாம். அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்ப்போம் என்று துணிவோர் இயந்திரத்தையே இழப்பர். அந்த விளக்கைக் கண்டவுடன் வண்டியை நிறுத்துவதே அறிவு. மாற்றுப் பட்டி ஒன்றும் அதைப் பூட்டும் சாவியும் வண்டியில் எப்பொழுதும் இருக்கவேண்டும்.

இயந்திரத்தின் வால்வுகளுக்கும் அவற்றைத் தள்ளும் கைகளுக்கும் இடையே, குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீற்றர் இடைவெளி வைக்கப்படுகின்றது. தடித்த தாள் ஒன்றின் தடிப்பே அது. ஆயினும் இயந்திரத்தின் ஆயுள் அதிலே தங்கியுள்ளது. நாளடைவில் இவ்விடைவெளி குறைந்தால் வால்வு தன் இருப்பிடத்தில் முற்றாகப் பொருந்தாது. பொருந்தாத வால்வு தன் வெப்பத்தை வெளிவிடாது. இறுதியில் எரிந்தோ முறிந்தோ உருளையினுள் வீழும். இதிற் கவனிக்கத்தக்க விந்தை ஒன்றுண்டு. இடைவெளி கூடினால் ‘டிக், டிக்’ என்ற ஓசை எழும்; குறைந்தால் ஓசையே இராது. அனுபவமில்லாதவர் ஓசைக்கு அஞ்சுவர். அனுபவமுள்ளவர் அமைதிக்கு அஞ்சுவர். மூன்றாம் உருளையின் வால்வுக்கே இத்தீங்கு மிகுதியாக நேர்ந்தது. எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி அவ்வுருளைக்குச் செல்லும் காற்றை மறைத்து நின்றதே அதற்குக் காரணம். 1971ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து அக்கருவி வேறிடத்திற்கு மாற்றப்பட்டது.

இந்த 1600 இயந்திரத்திற்கு இரண்டரை லீற்றர் எண்ணெயே போதும். அதை வடிப்பதற்கு ஒரு கம்பிவலையே உண்டு, வடிகட்டித் தாள் இல்லை. ஆதலால் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றி, வலையைக் கழுவி, அன்றே வால்வு இடைவெளியையும் அளந்து பார்த்தல் நன்று. ஒரு மாலைப்பொழுதில் முடியும் இவ்வேலையைத் தவறவிட்டவர்கள் புது இயந்திரத்தின் விலையைக் கொடுக்க நேர்கின்றது.

மூன்றாவது பகை நெருப்பு. இவ்வண்டிகள் பல வீதியோரத்தில் எரிந்து சாம்பலாகியுள்ளன. பெரும்பாலும் காரணம் சில சதம் பெறுமதியான றப்பர்க் குழாய். பெற்றோலைக் கொண்டுசெல்லும் பழைய குழாய்கள் துணியுறையால் மூடப்பட்டிருப்பதால் வெடிப்பு வெளியே தெரிவதில்லை. இக்காலத்துப் பெற்றோலிற் கலக்கப்படும் எதனோல் பழைய றப்பரை மேலும் விரைவாக நலிவிக்கின்றது. கசிந்த பெற்றோல் சூடான இயந்திரத்தின்மீது விழுந்தால் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. இயந்திரத்தின் உறை மகனீசியம் கலந்த உலோகமாதலால், ஒருமுறை பற்றிக்கொண்டால் அணைத்தல் அரிது. எனவே வண்டியை வாங்கிய அன்றே, ஓட்டிப் பார்ப்பதற்கும் முன்னர், எதனோலைத் தாங்கவல்ல புதுக் குழாய்களை முழுவதும் மாற்றிவிட வேண்டும். பெற்றோல் ஆவியாக்கியினுள் நுழையும் சிறு பித்தளைக் குழாய் அசைகின்றதா என்பதையும் சோதிக்கவேண்டும். தீயணைக்கும் கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் வேண்டும்.

நிறுத்தும் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். பிறேக்கு நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் மிகுந்த நீர்மம், நீண்ட இறக்கத்திற் சூடாகும்போது கொதித்து ஆவியாகும்; அப்பொழுது மிதியை அழுத்தினால் அது தரையைத் தொடுமேயன்றி வண்டி நில்லாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அந்நீர்மத்தை மாற்றுதல் வேண்டும். பழைய பிறேக்குப் பட்டைகளிற் கல்நார் இருக்கக்கூடுமாதலால், அத்தூளை ஊதியோ காற்றடித்தோ சுத்தஞ் செய்யலாகாது. ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். ரயரில் வரி தேயாமலிருப்பதைக் கண்டு ஏமாறுவதும் கூடாது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் செய்யப்பட்ட ரயர்களின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் கூறும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்திற் செய்யப்பட்டது. ஓடாமல் நின்ற ரயரும் முதுமையால் வெடிக்கும்.

வீடு என்ற வகையிலே இவ்வண்டிக்குரிய ஆபத்து வாயுவினால் வருவது. சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது; கசிந்தால் மேலே போகாது, தரையிலே தேங்கும். அதனாலேயே வாயுக்கலன் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியேறும் துளை அமைக்கப்படுகின்றது. புதுத் தரைவிரிப்பு இடுவோர் அறியாமல் அத்துளையை மூடிவிடுவதுண்டு. வாயுக் குழாயையும் இணைப்புகளையும் அத்தொழிலிற் தகுதி பெற்றவரே சோதிக்கவேண்டும். அடுப்பைக் குளிர்காயப் பயன்படுத்துதல் ஒருபோதும் ஆகாது. மூடிய சிற்றறையில் எரியும் அடுப்பு காபனோரொட்சைட்டை உண்டாக்கும். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். அதை அறிவிக்கும் சிறு கருவியை மாட்டாமல் வண்டியில் ஓரிரவேனும் துயிலலாகாது.

எவ்வளவு பழைமையைக் காப்பது, எவ்வளவு புதுமையைப் புகுத்துவது என்பது புதுப்பிப்போரிடையே நீடித்த வாதம். ஜேர்மனியில் 1997 முதல், முப்பது ஆண்டு கடந்து பெரும்பாலும் தொடக்க நிலையிலேயே பேணப்பட்ட வண்டிகளுக்குத் தனி இலக்கத்தகடு வழங்கப்படுகின்றது. வண்டியிலுள்ள சிறிய உலோகத் தகட்டின் இலக்கங்கள், அது எந்நிறத்துடன், எவ்வுறுப்புகளுடன், எந்நாட்டிற்காகச் செய்யப்பட்டது என்பதைக் கூறும். ஆதலால் அதைக் கழற்றி எறிதல் வரலாற்றை எறிதலாகும். ஆயினும் உயிரைக் காப்பவற்றிற் பழைமையைப் போற்றுதல் பொருந்தாது. இருக்கைப் பட்டியும் நல்ல பிறேக்குக் குழாயும் பழைமைக்கு இழுக்காகா. சாரதியின் முழங்காலுக்கு முன்னே மெல்லிய தகரமே உண்டு என்பதை மறவாது ஓட்டுதலும் பேணுதலின் ஒரு பகுதியே.

பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டு மே மாதந்தொட்டு, நாற்பது ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றியமைக்கப்படாத வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமன்று. ஆனால் வண்டியை வீதிக்கு உகந்த நிலையில் வைத்திருக்கும் கடமை நீங்கவில்லை. அரசினது கண் விலகிய இடத்தில் உடையவரது கண்ணே காவலாகின்றது. பலர் தாமாகவே ஆண்டுதோறும் வண்டியைச் சோதனைக்குக் கொண்டு செல்கின்றனர் எனின், அது அக்கடமையை உணர்ந்ததன் விளைவு.

புதுப்பித்தல் ஓராண்டிலோ ஈராண்டிலோ முடிவுறும், பேணுதலுக்கு முடிவில்லை. பயணம் முடிந்தபின் நீர்த்தொட்டியை வடித்துவிடுதல், நனைந்த கன்வசை மடியாது உலர்த்துதல், அலுமாரிக் கதவுகளைத் திறந்து காற்றோட விடுதல், கூரை வாய்க்காலின் சருகை அகற்றுதல், மாதத்திற்கு ஒருமுறையேனும் இயந்திரம் நன்கு சூடேறும்வரை ஓட்டுதல், செய்த வேலையையும் நாளையும் ஓடிய தூரத்தையும் கொப்பியொன்றிற் குறித்து வைத்தல் ஆகிய இவை எவருக்கும் எளியவை. வர்ணம் பூசிய நாளில் ஊரார் கூடிப் புகழ்வர். எண்ணெய் மாற்றிய நாளில் ஒருவரும் புகழார். எனினும் மழையிரவில் மலைப்பாதையோரம் நிற்கும் அச்சிறு வண்டியினுள்ளே பிள்ளைகள் நனையாமலும் நச்சுக்காற்றுப் படாமலும் துயின்று, காலையில் முதற் சுழற்சியிலேயே இயந்திரம் உயிர்பெற்று வீடு திரும்புவார்களாயின், அது எவரும் புகழாத அந்நாள்களின் பயனேயாகும்.