மலை இறங்கும் சொகுசு வண்டி

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டி சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் பாதையில் பல இடங்களில் ஒரு வண்டிக்குத்தான் இடம். ஒரு பக்கம் தேயிலைச் செடி கதவை உரசும், மறுபக்கம் சரிவு. சனிக்கிழமை காலையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்து நின்றுவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் போய் ஒதுங்கியாக வேண்டும். கோலாலம்பூரிலிருந்து புது சொகுசு வண்டியில் வந்தவர் பக்கக் கண்ணாடிகளை மடக்குவார். திரையில் கேமரா படம் விரியும். சென்சார் நான்கு மூலையிலும் கீச்சிடும். செடி ஒரு சாண் தூரத்தில் இருந்தாலும் சுவர் வந்துவிட்டதைப் போல அது கத்தும். எதிரே நிற்பது பழைய லேண்ட்ரோவர் என்றால் அதன் ஓட்டுநர் ஜன்னல் கண்ணாடியை கையால் தள்ளித் திறப்பார், தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்ப்பார், ஒரே மூச்சில் முப்பது மீட்டர் பின்னால் போய் ஒதுங்கி, "வாங்கண்ணே" என்று கை காட்டுவார்.

அந்த இரண்டு வண்டிகளும் தூரத்துச் சொந்தம். இன்று உலகமெங்கும் விற்கும் சின்ன சொகுசு கிராஸ்ஓவர்களின் குடும்ப மரத்தில் மேலே ஏறிக்கொண்டே போனால், முட்டைக்கோஸ் கூடை சுமக்கும் இந்தத் தகரப்பெட்டியில்தான் ஒரு கிளை போய் முடியும்.

கேமரன் மலைக்கு அந்தப் பெயர் 1885-இல் இங்கே நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனால் வந்தது. ஆனால் வண்டி ஏறக் கூடிய சாலை தாப்பாவிலிருந்து மேலே வந்து சேர 1931 ஆயிற்று. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1929-இல், ரசல் என்பவர் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். காட்டை வெட்டியதிலும் கொழுந்து எடுத்ததிலும் தமிழர் கைகள் முன்னின்றன. மலாய் மொழியில் தானா ராத்தா என்றால் சமநிலம். சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் சரிவாக இருக்கும் மலையில் கொஞ்சம் தட்டையாகக் கிடைத்த இடம் என்பதால் அந்தப் பெயர். ஊருக்குள்தான் சமம். ஊரைவிட்டு எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம்.

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் ரோவர் நிறுவனம் முதல் லேண்ட்ரோவரைக் காட்டியது. போருக்குப் பிறகு இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். வேறு வழியில்லாமல் செய்த அந்த ஏற்பாடு, வருடம் முழுக்க மழையும் மூடுபனியும் இருக்கும் கேமரன் மலைக்குப் பெரிய வரமாக அமைந்தது. அலுமினியம் துருப்பிடிக்காது. அடிச்சட்டம் துருப்பிடித்தால் ஊர்ப் பட்டறையிலேயே பற்றவைத்துக்கொள்ளலாம். பழைய வண்டிகளை வாங்கி, எஞ்சினை மாற்றி, பின்பக்கத்தைத் திறந்தவெளியாக்கிக் காய்கறி ஏற்றி இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். குட்டை லேண்ட்ரோவரின் நீளம் சுமார் 3.6 மீட்டர்; அகலம் ஒன்றே முக்கால் மீட்டருக்கும் குறைவு. தோட்டப் பாதைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை என்றே சொல்லலாம்.

அதே பெயரைத் தாங்கிய நிறுவனம் 2011-இல் ரேஞ்ச் ரோவர் இவோக்கை சந்தைக்குக் கொண்டுவந்தது. தாழ்ந்த கூரை, ஒடுங்கிய ஜன்னல், தோல் இருக்கை. காய்கறிக் கூடைக்கு அதில் இடமில்லை. பிஎம்டபிள்யூ எக்ஸ்1, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ, வோல்வோ எக்ஸ்சி40, ஆடி கியூ3 எல்லாம் இதே வகை. பார்க்க ஜீப் போல இருந்தாலும் எலும்புக்கூடு காருடையது. லேண்ட்ரோவரில் ஏணி போன்ற அடிச்சட்டத்தின் மேல் உடம்பைத் தனியாக வைத்துப் பூட்டியிருப்பார்கள். கிராஸ்ஓவரில் அடியும் உடம்பும் ஒரே கூடு. அதனால் வளைவில் குலுங்காது, நெடுஞ்சாலையில் இரைச்சல் கேட்காது, மோதினால் கூட்டின் முன், பின் பகுதிகள் நசுங்கி உள்ளிருப்பவரைக் காப்பாற்றும். குழந்தைகளையும் வயதான அம்மாவையும் ஏற்றிக்கொண்டு 200 கிலோமீட்டர் மலைக்கு வருகிறவருக்கு இந்த மூன்றும் அற்ப வசதிகளாகத் தெரியாது.

சின்ன வண்டி என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். நீளம் நாலேகால் முதல் நாலரை மீட்டர்தான். அகலம் அப்படியில்லை. இவோக்கின் பக்கக் கண்ணாடிகளை விரித்து வைத்து அளந்தால் ஏறத்தாழ 2.1 மீட்டர் வரும். தாப்பா சாலையின் வளைவுகளில் எதிரே காய்கறி லாரி திரும்பும்போதுதான் அந்த அகலத்தின் அருமை புரியும். இருந்தாலும் ஏழு பேர் ஏறும் பெரிய சொகுசு வண்டியோடு ஒப்பிட்டால் இந்த மலைக்கு வாங்கக் கூடிய சொகுசு இதுதான். பெரியது மேலே ஏறிவிடும். நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

ஏறுவது இந்த வண்டிகளுக்குப் பெரிய வேலையே இல்லை. 1,400 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. காற்று குறைந்தால் எரிப்பும் குறையும். பழைய கார்பரேட்டர் எஞ்சின்கள் அதனால் மேலே வரவர இழுவை தளர்ந்து திணறும். இன்றைய சொகுசு வண்டிகளில் இருக்கும் டர்போ, காற்றை அமுக்கி உள்ளே தள்ளி அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. ஒன்றரை லிட்டர் எஞ்சின்கூட அசராமல் ஏறும்.

சிக்கல் இறக்கத்தில். ஆட்களும் சாமான்களும் சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள வண்டி தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தனை உயரத்திலிருந்து இறங்கும்போது அந்த எடை விடுவிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தேயிலை மலையின் கணக்கிலேயே சொன்னால், 75 லிட்டர் தண்ணீரைத் தேநீருக்குக் கொதிக்க வைக்கலாம். அறுபது கிலோமீட்டர் தூரத்தில் டயரும் எதிர்க்காற்றும் அதில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். மிச்ச வெப்பத்தை வாங்கிக்கொள்ள இரண்டே இடங்கள்தான் உண்டு: எஞ்சின், பிரேக்.

ஆட்டோ கியரில் வந்த நகரத்து ஓட்டுநர் டி-யில் போட்டுவிட்டு, வலது காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்குவார். முதல் பத்து கிலோமீட்டர் ஒன்றும் தெரியாது. பிறகு தீய்ந்த வாடை வரும். அதற்குப் பிறகும் கால் அங்கேயே இருந்தால் மிதி மெத்தென்று உள்ளே போகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. புதிய டாட் 4 எண்ணெய் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். காலின் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். மலைக்குப் போகிறவர் மற்ற எந்த சர்வீசைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

தோட்டத்துப் பழைய ஓட்டுநர்கள் 'கியரில் விட்டு இறக்குவது' என்று சொல்வது இதற்கான மருந்து. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர். எஞ்சின் உறுமும். உறுமட்டும், அந்த வெப்பத்தை ரேடியேட்டர் பார்த்துக்கொள்ளும். சொகுசு வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு சிறு துடுப்புகள் இருக்கும். வாங்கி மூன்றாண்டாகியும் அவற்றைத் தொட்டே பார்க்காதவர்கள் உண்டு. இடப்பக்கத் துடுப்பை இரண்டு முறை இழுத்தால் போதும், வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். இறக்கக் கட்டுப்பாடு என்று ஒரு பொத்தானும் சில வண்டிகளில் உண்டு. அது பிரேக்கைப் பயன்படுத்தித்தான் வேகத்தைக் குறைக்கிறது. சேற்றுச் சரிவில் நூறு மீட்டர் இறங்க உதவும். அறுபது கிலோமீட்டர் தார்ச்சாலைக்கு அது ஆகாது. வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவி இருக்கிறது. அங்கே பத்து நிமிடம் நிறுத்தினால் பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்துக்கொள்வார்கள், பிரேக்கும் ஆறும்.

மின்சார வண்டி வைத்திருப்பவருக்கு இந்த இறக்கம் லாபம். வோல்வோ 2022-இல் ஷா ஆலாம் ஆலையில் மின்சார எக்ஸ்சி40-ஐப் பூட்டத் தொடங்கியது. அது போன்ற வண்டியில் மோட்டாரே ஜெனரேட்டராகி, பிரேக்கில் வீணாகியிருக்கும் ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் மேலே ஓட்டலில் இரவெல்லாம் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால் நிறைந்த பேட்டரியில் அதற்கு இடமிருக்காது. கொஞ்சம் குறைவாக ஏற்றிக்கொண்டு கிளம்புவதே நல்லது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். ஜீப் போல இருப்பதெல்லாம் நான்கு சக்கரத்திலும் இழுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மலேசியாவில் விற்கும் எக்ஸ்1, ஜிஎல்ஏ ஆகியவற்றின் அடிப்படை மாடல்கள் முன்சக்கரத்தில் மட்டும் இழுப்பவை. செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும், முன்சக்கரம் லேசாகும். தோட்டத்திலிருந்து வெளியேறும் லாரிகள் சேற்றைச் சாலையில் அப்பிவிட்டுப் போயிருக்க, மேலே தூறலும் விழுந்தால், அந்த லேசான முன்சக்கரம் சுற்றும், வண்டி நகராது. இந்த நேரத்தில் கைகொடுப்பது டயரின் வரிப்பள்ளம்தான். மூக்கில் ஒட்டியிருக்கும் சின்னம் எந்த நிறுவனத்துடையது என்பதெல்லாம் அப்போது கணக்கில் வராது.

டயரில் இன்னொன்று. ஷோரூமில் 19, 20 அங்குலச் சக்கரம் கண்ணைப் பறிக்கும். சக்கரம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் மெலியும். குழியின் கூர்விளிம்பில் விழுந்தால் அந்தச் சுவர் கிழியும். இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. பசை நிரப்பும் பெட்டி ஒன்றைத்தான் வைத்திருப்பார்கள். ஆணித்துளையை அது அடைக்கும், கிழிந்த பக்கச்சுவரை அடைக்காது. இரவு எட்டு மணிக்கு, மூடுபனியில், தாப்பா சாலையில் ரிங்லெட்டுக்குக் கீழே அதைத் தெரிந்துகொள்வது கொடுமை. 17, 18 அங்குலச் சக்கரம் வரும் மாடலை வாங்குவதே மலைக்குப் போகிறவருக்கு அழகு.

வார இறுதியில் பிரிஞ்சாங்குக்கும் கியா பார்முக்கும் இடையே வண்டிகள் எறும்புச் சாரையாக நிற்கும். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இரட்டை கிளட்ச் கியர்பெட்டி உள்ள வண்டிக்கு அது பெரிய கேடு. கிளட்ச் தகடுகள் ஓயாமல் உரசிச் சூடாகும். பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்து, இடம் கிடைத்ததும் ஒரே தடவையாக நகர்வதே சரி.

பணக் கணக்குக்கு வருவோம். எக்ஸ்1 கெடாவின் கூலிமில் பூட்டப்படுகிறது, மெர்சிடிஸ் கார்கள் இதே பகாங் மாநிலத்தின் பெக்கானில். உள்நாட்டில் பூட்டுவதால் வரி குறைகிறது. அப்படியும் விலை இரண்டு லட்சம் மலேசிய வெள்ளியைத் தாண்டுகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் பத்தாண்டுக்கு அந்தப் பக்கம்தான் இப்படியொரு வண்டி. லயத்தில் பிறந்து, படித்து, பட்டணத்துக்குப் போய் வேலை பார்த்து, இந்த வண்டியில் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் திரும்பி வரும் பிள்ளையின் பெருமிதம் அந்தத் தொகைக்குப் பின்னால் இருக்கிறது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் தவணை ஒன்பதாண்டு வரை நீளும், உத்தரவாதமோ பெரும்பாலும் நான்கைந்து ஆண்டில் முடியும். நடுவில் கிடக்கும் ஆண்டுகளில் வரும் டர்போ, கியர்பெட்டி, மின்னணுச் செலவெல்லாம் சொந்தக்காரர் தலையில். மலையிலேயே குடியிருப்பவர் இவற்றுக்காக ஈப்போ போன்ற நகரத்துக்கு இறங்க வேண்டும். போக மட்டும் இரண்டு மணி நேரம் ஆகும். லேண்ட்ரோவர்க்காரருக்கு அந்தப் பயணம் கிடையாது. ஆனால் 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3.35-க்கு ஏறியபோது, டீசல் எஞ்சினுக்கு மாறியவர்களின் வயிறு எரிந்தது.

இந்தக் கதை தமிழ்நாட்டைத் தொடும் இடமும் ஒன்று உண்டு. லேண்ட்ரோவர் பெயரை ஜாகுவாரோடு சேர்த்து 2008-இல் ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கியது டாடா மோட்டார்ஸ். இன்று டாடா சன்ஸின் தலைவராக இருப்பவர் நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்த சந்திரசேகரன். 2024 செப்டம்பர் 28 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடாவின் புதிய கார் ஆலைக்கு முதலமைச்சர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வண்டிகள் செய்யும் திறன் கொண்டதாகத் திட்டமிடப்பட்ட அந்த ஆலையின் தயாரிப்புகளில் ஜாகுவார் லேண்ட்ரோவர் வண்டிகளும் அடக்கம். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் செய்த லேண்ட்ரோவரைத் தமிழர்கள் மலாயாத் தோட்டங்களில் ஓட்டினார்கள். அதன் பேரப்பிள்ளை வண்டிகளைத் தமிழ்நாட்டிலேயே பூட்டும் காலம் இது.

சுங்கை பாலாஸ் பாதையில், வழி கிடைத்த சொகுசு வண்டி மெல்ல முன்னேறுகிறது. இடப்பக்கக் கண்ணாடி தேயிலை இலையைத் தொட்டுக்கொண்டு போகிறது. கடக்கும்போது ஜன்னல் இறங்குகிறது. உள்ளேயிருந்து ஒரு கை வெளியே வந்து நன்றி சொல்கிறது. லேண்ட்ரோவர் ஓட்டுநர் தலையை மட்டும் அசைத்துவிட்டு முதல் கியரைப் போடுகிறார்.