பழைய காரும் புதிய விதியும்

50 பிராயம் கடந்த அம்பாஸிடர் காரொன்றை வாங்கிச் செப்பனிட்டு, நாள்தோறும் கோர்ட்டுக்கு ஓட்டிச் செல்ல விரும்பும் கனவான்களை நாம் அறிவோம். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வார்ப்பில் பிறந்தும் சுதேசியாகவே வளர்ந்த வண்டியல்லவா! 2014-ல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆகவே, தேய்ந்த இஞ்சினை நீக்கி வேறு இஞ்சின் பொருத்துகின்றனர். 1988-ம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவோ, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாகத் திருத்தலாகாதென்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதனை உறுதிப்படுத்திற்று. மாற்றாது வைத்து, 2021-ம் வருஷத்து விதிகளின்படி 20,000 ரூபாய் செலுத்திப் புராதன வண்டியெனப் பதிந்தாலோ, நித்தியப் பிரயாணத்துக்கு ஓட்டலாகாதாம்! வலுக்குன்றிய வண்டிக்கு வலுவூட்டுவதும் குற்றமா? அதிகாரிகள் பரீட்சித்து அனுமதியளிக்கும் ஏற்பாட்டைச் சர்க்கார் உடனே செய்தல் வேண்டும். அதுவரை, வாங்குவோர் பதிவுப் பத்திரத்திலுள்ள இஞ்சின் நம்பரை வண்டியிலுள்ளதோடு ஒப்புநோக்கிய பின்னரே முன்பணம் கொடுப்பாராக.