மருத்துவ பீடம் மட்டும்தானா?
ஒஸ்லோவில் எமக்கும் திறந்திருக்கும் ஆய்வுகூடக் கதவுகள்



கடந்த இதழில் நீரிழிவு உள்ளவர்கள் விரத நாட்களில் கவனிக்க வேண்டியவை பற்றி எழுதியிருந்தோம். இம்முறை எழுதப்போவது ஒரு நோயைப் பற்றியல்ல. "மருத்துவப் பக்கத்தில் படிப்பு, தொழில் பற்றி ஏன் எழுதுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். எம்மிடம் வரும் வயிற்றுவலிகளில் ஒரு பகுதி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில், பத்தொன்பது வயது மகளை அழைத்துக்கொண்டு ஒரு தகப்பனார் எமது மருத்துவ நிலையத்துக்கு வந்திருந்தார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.) பிள்ளைக்கு வயிற்றுவலி, நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன. தகப்பனாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையுடன் தனியாகக் கதைத்தோம். "டொக்டர், இந்த முறையும் எனக்கு மெடிசின் கிடைக்காது. புள்ளியைக் கூட்ட ரெண்டு தரம் திரும்பச் சோதினை எடுத்திட்டன். அப்பா எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கிறார்" என்று சொல்லி அழுதது.

உனக்கு என்ன பாடத்தில் விருப்பம் என்று கேட்டோம். உயிரியலில் செய்முறை வகுப்புத்தான் பிடிக்கும், நோயாளிகளுடன் கதைப்பதை நினைத்தாலே பயம் என்றது. அப்படியென்றால் மருத்துவத்துக்கு ஏன் விண்ணப்பிக்கிறாய் என்ற எமது கேள்விக்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இருக்கவில்லை. தகப்பனாரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டபோது அவரிடமும் இருக்கவில்லை. அவருக்குத் தெரிந்த தொழில்கள் இரண்டு. ஒன்று டொக்டர், மற்றது எஞ்சினியர்.

எமது சமூகத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாமும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் நீங்கள் எம்மிடம் வந்து கையை நீட்டி இரத்தம் கொடுத்த பிறகு அந்தக் குழாய் எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? சர்க்கரை, கொழுப்பு, தைரொய்ட், புற்றுநோய்க் குறியீடு என்று கணினியில் வரும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பின்னால் ஒரு பயோஇன்ஷினியோர் இருக்கிறார். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானி என்று தமிழில் சொல்லலாம். ஒஸ்லோமெட் பல்கலைக்கழகத்தில் இது மூன்று வருடப் படிப்பு. முடித்தவருக்கு மருத்துவர், தாதியரைப் போலவே அரசின் அங்கீகாரப் பத்திரம் உண்டு. இதே துறையின் மற்றப் பாதைகள் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் உயிர்விஞ்ஞானக் கற்கைநெறி, ஓஸ் நகரிலுள்ள என்எம்பியூ, துரொண்ட்ஹைமிலுள்ள என்டிஎன்யூ ஆகியவற்றின் உயிரியல் தொழில்நுட்பக் கற்கைநெறிகள். துரொண்ட்ஹைமில் இதை ஐந்து வருடப் பொறியியல் பட்டமாகவே படிக்கலாம். எஞ்சினியர் என்று ஊருக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்ற பெற்றோருக்கும் அங்கே வழி இருக்கிறது.

உயிரியல் தொழில்நுட்பம் என்றால் அமெரிக்காவில் நடக்கும் ஏதோ ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். துரொண்ட்ஹைமில் யோன் உகெல்ஸ்டாட் என்ற பேராசிரியர் 1970களின் பிற்பகுதியில், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பிளாஸ்டிக் மணிகளை எல்லாம் ஒரே அளவில் செய்து காட்டினார். புவியீர்ப்பு இல்லாத விண்வெளியில்தான் அது சாத்தியம் என்று அப்போது நம்பப்பட்டது. பின்னர் அந்த மணிகளுக்குள் இரும்பு ஒக்சைட்டைச் சேர்த்து, காந்தத்தால் இழுக்கக்கூடியவையாக மாற்றினார்கள். மணியின் மேற்பரப்பில் ஒரு பிறபொருளெதிரியை ஒட்டிவிட்டால், தேவையான கலத்தை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். காந்தத்தைப் பக்கத்தில் வைத்தால் அந்தக் கலம் மட்டும் பிரிந்து வரும். டைனபீட்ஸ் எனப்படும் இந்த மணிகள் இன்று உலகெங்கும் ஆய்வுகூடங்களில் இருக்கின்றன. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதலாவது கார்-டி சிகிச்சையில், இரத்தப் புற்றுநோயுள்ள பிள்ளைகளின் சொந்த வெண்கலங்களைத் தூண்டிப் பெருக்குவதற்கும் இவையே பயன்பட்டன. 2020 வசந்தத்தில் கொரோனாப் பரிசோதனைக்கான இரசாயனப் பொருட்கள் நாட்டில் தீர்ந்துகொண்டு வந்தபோது, அதே துரொண்ட்ஹைமில் மாக்னர் பியோரோஸ், சுலலித் பந்தியோபாத்யாய் ஆகியோரின் குழுக்கள் சில வாரங்களிலேயே காந்த நுண்துகள்களைக் கொண்டு நோர்வேக்குச் சொந்தமான பரிசோதனை முறையொன்றை உருவாக்கின. ஒருவர் மருத்துவ ஆய்வாளர், மற்றவர் இரசாயனப் பொறியியலாளர்.

ஒஸ்லோவின் கதையும் குறைந்ததல்ல. ஆண்களுக்கு வரும் முன்நிற்கும் சுரப்பிப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய நிலையில் கொடுக்கப்படும் ரேடியம்-223 என்ற மருந்து, ரேடியம் மருத்துவமனையைச் சேர்ந்த ஒய்விந்த் புரூலான்ட், ரோய் லார்சன் ஆகிய இருவரின் ஆராய்ச்சியில் பிறந்தது. 1997இல் அவர்கள் தொடங்கிய சிறு நிறுவனம் பிறகு அல்கெத்தா ஆனது. 2013இல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது, 2014இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனம் அல்கெத்தாவை வாங்கியது.

அந்த ரேடியம் மருத்துவமனையின் பக்கத்திலேதான் எமது பெற்றோர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒரு பாடசாலை இருக்கிறது. உல்லெர்ன் உயர்தரப் பாடசாலையும், ஒஸ்லோ கான்சர் கிளஸ்டர் என்ற புற்றுநோய் ஆய்வு அமைப்பும் 2009 முதல் சேர்ந்து வேலை செய்கின்றன. 2015 ஆகஸ்டில் திறக்கப்பட்ட புத்தாக்கப் பூங்காவில் பாடசாலையும் மருந்து நிறுவனங்களும் ஆய்வுகூடங்களும் ஒரே வளாகத்துக்குள் வந்தன. மாணவர்கள் சில நாட்களுக்கு ரேடியம் மருத்துவமனையின் ஆய்வுக் குழுக்களிடமும் நிறுவனங்களிடமும் போய் வெள்ளை மேலங்கி அணிந்து உண்மையான வேலையைச் செய்து பார்க்கிறார்கள். 2020இல் ஆராய்ச்சிக்கென்றே தனி வகுப்புப் பிரிவும் அங்கே தொடங்கப்பட்டது. பதினேழு வயதில் ஒரு பிள்ளை புற்றுக்கலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டால், இது எனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று அதற்கே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று தெரிவதும் இலாபம்தான். ஆறு வருடம் படித்த பிறகு தெரிவதைவிட அது நல்லது.

"அது மேற்கு ஒஸ்லோ டொக்டர், எங்கட பிள்ளையளுக்குத் தூரம்" என்று ஒரு தாயார் சொன்னார். மொர்டென்ஸ்ருட்டிலிருந்து 3ஆம் இலக்க நிலத்தடி ரயிலில் ஏறினால் எங்கும் மாறாமல் மொந்தபெல்லோ நிலையத்தில் இறங்கலாம். தூரம் ரயிலில் இல்லை, எமது மனதில்தான் இருக்கிறது என்று அவருக்குச் சொன்னோம். உயர்தரப் பாடசாலை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மார்ச் 1, பல்கலைக்கழகத்துக்கு ஏப்ரல் 15. அதற்கு முன்னரே பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் திறந்த நாட்களை நடத்துகின்றன. பிள்ளையைத் தனியே அனுப்பாமல் நீங்களும் போய்ப் பாருங்கள்.

பெரியவர்களுக்கான கருத்தரங்குகள் பற்றியும் சொல்ல வேண்டும். பொது மருத்துவ நிபுணர் தகுதியை ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிப்பதற்காக நாம் இந்த வயதிலும் வகுப்புகளுக்கும் கூட்டங்களுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். கான்சர் குரொஸ்லிங்ஸ் என்று ஜனவரி மாதங்களில் நடத்தப்பட்டுவந்த புற்றுநோய்க் கருத்தரங்கு போன்றவற்றில் மருத்துவரும் ஆய்வாளரும் நிறுவனத்தாரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். இத்தகைய இடங்களில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசப்படும் என்பது எம்மவருக்குச் சாதகமானது. இடைவேளையில் கையில் கோப்பியுடன் சுவரோரமாக நிற்பவர்களில் பாதிப்பேர் நோர்வேஜியர்கள். அவர்களும் எம்மைப்போலக் கூச்ச சுபாவம் உள்ளவர்கள்தான்!

இத்தகைய கூட்டமொன்றுக்கு நாம் முதன்முதலில் போனது படிப்பதற்காக அல்ல. அகதியாக வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு மொழி வகுப்புக்குப் போய்வந்த காலம். சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலில் இலவசச் சிற்றுண்டி என்று இருந்தது, போனோம். இரத்தப் புற்றுநோய் பற்றிய உரையில் பாதி விளங்கவில்லை. ஆனால் பக்கத்துக் கதிரையில் இருந்த ஓர் ஆய்வுகூட உதவியாளர், யாழ்ப்பாணத்தில் இடையில் விட்ட மருத்துவப் படிப்பை இங்கே எப்படித் தொடரலாம், யாருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று ஒரு கடதாசியில் எழுதித் தந்தார். அன்றைக்கு அந்தப் பாணும் பாற்கட்டியும் இல்லாவிட்டால் இன்று இந்தப் பக்கத்தை வேறு யாரோ எழுதிக்கொண்டிருப்பார்கள்.

எல்லாம் இனிப்பாக இருக்கும் என்று சொல்ல மாட்டோம். சிறிய உயிரியல் தொழில்நுட்ப நிறுவனங்கள் முதலீட்டாளரின் பணத்தில் ஓடுபவை. நோயாளரில் செய்யும் ஒரு பரிசோதனை தோல்வியடைந்தால் அடுத்த மாதமே ஆட்குறைப்பு வரும். மருத்துவமனை ஆய்வுகூட வேலை அதைவிட உறுதியானது, ஆனால் இரவு வேலையும் உண்டு. ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே முனைவர் பட்டம் பெறுவதற்கு நோர்வே ஆராய்ச்சிச் சபை 2008இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இப்படி ஒன்று இருப்பதே எம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

இன்னுமொரு காரணமும் உண்டு. 2002இல் ஒஸ்லோவில் துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வியட்நாம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளில் பிறந்தவர்களிடையே ஒரு பெரிய சுகாதார ஆய்வு நடந்தது. எம்மவர்கள் பலர் போய் இரத்தம் கொடுத்தார்கள். பாகிஸ்தானியரிடமும் இலங்கையரிடமும் நீரிழிவு மிக அதிகம் என்பது தெரிந்தது அதன் மூலம்தான். இன்று நாம் உங்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனையை வேளைக்கே செய்யச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். எமது இரத்தம் எப்போதோ ஆய்வுகூடத்துக்குள் போய்விட்டது. அதை வைத்து எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தீர்மானிக்கும் மேசையில் எமது பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் மட்டும்தானா? எமது நோயாளியான ஒரு சகோதரி பல வருடங்களாக ஓர் ஆய்வுகூடக் கட்டிடத்தில் துப்பரவு வேலை செய்தார். முழங்கால் வலிக்கு வந்தவர் ஒருநாள் சொன்னார்: "டொக்டர், அந்த மெசினுக்குள்ள என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியும். ஆனா அதுக்குக் கீழ இருக்கிற நிலத்தைத் துடைக்கத்தான் எனக்குச் சம்பளம்." அவர் யாழ் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, சிறப்புப் பாடம் இரசாயனவியல். பட்டச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. அத்துடன் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

முடியவில்லை. வெளிநாட்டுப் பட்டங்களை அங்கீகரிக்கும் பொறுப்பு 2023 ஜனவரி முதல் நொகுட்டிடமிருந்து உயர்கல்வி, திறன்களுக்கான பணியகத்துக்கு மாறியிருக்கிறது. சான்றிதழை உறுதிப்படுத்த முடியாதவர்களை நேரில் அழைத்து, அவர்களுடைய துறையிலேயே கேள்வி கேட்டுத் தகுதியை மதிப்பிடும் முறை ஒன்றும் உண்டு. அந்தச் சகோதரிக்கு இதற்கெல்லாம் சேர்த்து மூன்று வருடம் எடுத்தது. மொழிச் சோதனையில் ஒருமுறை சித்தியடையவில்லை. இப்போது தண்ணீரைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் பகுதிநேரமாக வேலை செய்கிறார், சம்பளம் துப்பரவு வேலையைவிடப் பெரிதாகக் கூடவில்லை என்கிறார். முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

முதலில் சொன்ன பிள்ளை ஒஸ்லோமெட்டில் சேர்ந்து படிக்கிறது. தகப்பனார் இன்னும் முழுமையாகச் சமாதானமாகவில்லை. "டொக்டருக்குப் படிக்கிறாவோ?" என்று யாராவது கேட்டால், "மெடிக்கல் சைட்" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவாராம்.

ஒவ்வொரு செப்டெம்பரிலும் ஆராய்ச்சி நாட்கள் விழாவின்போது, கார்ல் யோஹான் வீதியிலுள்ள பல்கலைக்கழகச் சதுக்கத்தில் கூடாரங்கள் அமைத்து ஆய்வாளர்கள் தங்கள் வேலையைப் பொதுமக்களுக்குக் காட்டுவார்கள். அனுமதி இலவசம். அங்கே அந்த இரசாயனப் பட்டதாரிச் சகோதரியையும் அவருடைய பதின்மூன்று வயது மகனையும் கண்டோம். ஒரு கூடாரத்தில் வாழைப்பழத்திலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இது வீட்டுக் குசினியிலும் செய்யக்கூடியதுதான். மசித்த பழத்தில் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் உப்பும் கலந்த தண்ணீரை விட்டு, வடிகட்டி, அதன்மேல் குளிரூட்டிய மதுசாரத்தை மெல்ல ஊற்றினால் வெள்ளை நூல்போல மிதந்து வரும். சவர்க்காரம் எதற்கு என்று கூடாரத்தில் நின்ற மாணவி கேட்டாள். கலத்தின் கொழுப்புச் சவ்வை உடைக்க என்று மகன் சொன்னான். உப்பு எதற்கு என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. பின்னால் நின்ற தாயார் மெதுவாக, நோர்வேஜிய மொழியில், மரபணுவின் மறையேற்றத்தை உப்பு சமப்படுத்துவதால் இழைகள் ஒன்றையொன்று தள்ளாமல் சேர்ந்து திரள்கின்றன என்று சொன்னார்.

மகன் திரும்பிப் பார்த்தான். "அம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"